ஆபீஸ் பையோடு ஏரிக்கரையில் ஒன்பது நாள்

இரண்டு வருடத்துக்கு முன், பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருந்த தை மாதத்தில் இது நடந்தது. எங்கள் வீடு சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலைச் சத்தம் கேட்கும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். ஆபீஸ் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மண்ணூர்பேட்டை பக்கம். போகும் வழியில் அயனம்பாக்கம் ஏரி. நாலு வருடமாக தினம் இரண்டு தடவை அந்த ஏரியை ஒட்டிய சாலையில் பைக்கில் போய் வந்திருக்கிறேன். ஒரு நாள்கூட வண்டியைத் திருப்பி அதைப் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு அவமானம்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

எனக்குச் சொந்த ஊர் கரூர் பக்கம். சென்னைக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. மென்பொருள் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு நான். வெளிநாட்டில் யாருக்காவது ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் எங்களுக்குத்தான் போன் வரும். சாப்பிடும்போது வரும், குளிக்கும்போது வரும். அந்த வருடம் எனக்கு நாற்பத்தொன்று. தூக்கம் சரியில்லை. நெஞ்சில் ஏதோ பலகையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். வீட்டில் குக்கர் விசில் கேட்டால்கூட எரிச்சல் வரும். பதினோரு வயது மகள் பாடத்தில் சந்தேகம் கேட்க என்னிடம் வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

பொங்கல் முடிந்த முதல் வாரம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டாள். வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போதே நான் எழுந்து நின்று கத்தினேன். காதில் இருந்த ஹெட்செட்டைக் கழற்றி எறிந்தேன். சுவரில் எறிந்ததாகத்தான் நினைத்தேன். அது அந்தப் பெண்ணின் தோளை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையில் விழுந்து, திரை விரிசல் விட்டது. அவள் அழவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு வெறிநாயைப் பார்க்கிற பார்வை அது.

மறுநாள் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் பேசினார். இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொள், டாக்டரைப் பார், திரும்பி வந்ததும் நீ இந்த வேலையில் தொடர்வதா இல்லையா என்று பேசலாம் என்றார். டாக்டரைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்து, தினம் கொஞ்ச நேரமாவது வெளியில், திறந்தவெளியில் இருங்கள் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. என் மனைவி பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளிடம், 'ஒரு சின்னப் பெண் மேல் ஹெட்செட்டை எறிந்தேன்' என்று எந்த வாயால் சொல்வது? திங்கள்கிழமை காலை வழக்கம்போலக் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, ஷூ மாட்டி, லேப்டாப் பையோடு கிளம்பினேன். எங்கே போவதென்று தெரியவில்லை. வானகரம் தாண்டி வந்துகொண்டிருக்கும்போது வலது பக்கமா இடது பக்கமா என்று யோசிக்காமல் ஏரி இருக்கும் பக்கம் வண்டி தானாகத் திரும்பியது.

மழைக்காலம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏரி நிறையத் தண்ணீர். கரையில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்கப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் மெயிலைப் பார்க்க முடியாதபடி செய்திருந்தார்கள். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை தானாகப் போகும். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் தலையை நிமிர்த்தினேன்.

தண்ணீரில் கைப்பிடி அளவு ஒரு பறவை. பழுப்பு நிறம், வால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. முக்குளிப்பான் என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. சட்டென்று முங்கும், எங்கேயோ தள்ளிப்போய் எழும். எந்த இடத்தில் எழும் என்று நான் மனதுக்குள் ஒரு இடத்தைக் குறித்துவைப்பேன். ஒரு தடவைகூட சரியாக வரவில்லை. இப்படியே விளையாடிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தால் மணி நாலரை. இரண்டு மணி நேரம் எதைப் பற்றியும் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். பலகை கொஞ்சம் நகர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். ஏறக்குறைய என் வயதுதான். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் வீட்டு மனையாகிவிட்டது, மிச்சம் நாலு எருமை. காலையில் எருமைகளை ஏரிக்கு ஓட்டி வருவார், மத்தியானத்துக்கு மேல் ஆட்டோ ஓட்டுவார்.

"இன்னா சார், டெய்லி டக்கரா பையி மாட்டிகினு வர்ற, இங்கயே குந்திக்கினு கீற. வேலை போச்சா?"

"இல்லைங்க, லீவு."

"ஊட்ல தெரியுமா?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவரும் குடையவில்லை. "செரி, நான் போய் டீ குட்ச்சிட்டு வந்துர்றேன். அந்தச் சினை எருமை கால்வாய் பக்கமா போனா ஒரு கொரல் குடு. அங்க சேறு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. அவர் டீ குடிக்கப் போகும்போது நான் எருமைகளைப் பார்த்துக்கொள்வேன். அவர் திரும்பியதும் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு நடை. காலையில் ஒன்று, வெயில் தாழ ஒன்று. வெள்ளிக்கிழமை வாக்கில் ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்தது. மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காற்றும் தண்ணீரும் நடையும் இல்லாமல் வெறும் மாத்திரையால் அந்தத் தூக்கம் வந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். சனி, ஞாயிறு வீட்டில் இருந்தபோது என் மகள் பின்னக் கணக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது தடவை அதே சந்தேகத்தைக் கேட்டாள். மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன். சமையலறை வாசலில் நின்று என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. லீவு முடிய ஒரு நாள்தான் பாக்கி. காலை பத்து மணி இருக்கும். தூரத்தில் கால்வாய் ஏரியில் வந்து சேருகிற முனையிலிருந்து எருமைக்காரருடைய குரல் கேட்டது.

"சார், ஓடியா. மாட்டிக்கிச்சு."

சினை எருமை வயிறு வரை சேற்றில் புதைந்து நின்றது. காலை எடுக்க எடுக்க இன்னும் உள்ளே போனது. கண் இரண்டும் வெளியே வந்துவிடுகிற மாதிரி இருந்தன. மீன்பிடிக்க வந்திருந்த ஒருவரும் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் திரும்ப மரத்தடிக்கு ஓடி, ஷூவைக் கழற்றி, பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்தேன். மடித்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை. இறங்கிய இரண்டாவது அடியில் இடுப்பு வரை சேறு.

எருமைக்காரர் நீட்டிய கயிற்றை எருமையின் கழுத்தில் போடப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"கழுத்துல கட்டாத சார், மூச்சு முட்டும். முன்னங்காலுக்குப் பின்னால, நெஞ்சாண்ட போடு."

சேற்றுக்குள் கையை விட்டு, அதன் அடியில் துழாவி, கயிற்றை அந்தப் பக்கம் தள்ளினேன். என் கன்னம் அதன் விலாவில் ஒட்டியிருந்தது. அதன் இதயம் அடிப்பது எனக்குக் கேட்டது. கோரைப் புல்லை அறுத்து, சாக்கில் அடைத்து, முன்னங்கால்களுக்கு அடியில் திணித்தோம். பிறகு மூன்று பேரும் கரையேறிக் கயிற்றை இழுத்தோம். கொஞ்சம் வரும், நிற்கும். நாங்களும் நிற்போம். அது மூச்சு வாங்கட்டும் என்று அவர் காத்திருப்பார். அவசரப்படுத்தவே இல்லை. எட்டி அதன் காதைத் தடவி ஏதோ பேசிக்கொண்டே இருப்பார், திரும்ப இழுப்போம். இப்படி ஒன்றரை மணி நேரம். எனக்கு உள்ளங்கை கிழிந்து எரிந்தது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு வேலையும் இல்லை, கம்பெனியும் இல்லை, அவமானமும் இல்லை. கயிறும் எருமையும்தான் இருந்தன.

இதே நேரத்தில் என் மனைவி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்றைக்கு அவளுக்கு லேசாக உடம்பு சரியில்லாமல் பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். அலமாரியை ஒழுங்குபண்ணும்போது என் சட்டைகளுக்கு அடியில் மாத்திரை அட்டை கிடைத்திருக்கிறது. எனக்குப் போன் செய்திருக்கிறாள். எடுக்கவில்லை. ஆபீசில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்ததில், நான் ஒன்றரை வாரமாக லீவு என்று தெரிந்திருக்கிறது. எங்கள் போன்களில் ஒருவர் இருக்கும் இடம் இன்னொருவருக்குத் தெரிகிற மாதிரி எப்போதோ வைத்திருந்தோம். நான் அதை மறந்தே போயிருந்தேன். அவள் திறந்து பார்த்தால் புள்ளி ஏரிக்கரையில் அசையாமல் நிற்கிறது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வந்து பார்த்தவள் கண்ணில் பட்டது என்ன? மரத்தடியில் ஒரு ஜோடி ஷூ. பக்கத்தில் பை. பைக்குள் அவள் பண்ணுகிற போன் அடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் ஆள் இல்லை, எதிரே தண்ணீர்.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தைப் பற்றி அவள் இன்று வரை முழுதாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எருமை ஒரு பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு சேற்றை விட்டு வெளியே வந்து கரையில் முழங்காலிட்டு விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அதன் பக்கத்தில் அப்படியே சாய்ந்து கிடந்தோம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கரை மேல் யாரோ என் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடி வருவது கேட்டது. எழுந்து நின்றேன். தலை முதல் கால் வரை கறுப்புச் சேறு. பத்தடி தூரத்தில் நின்று அவள் என்னை அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமா, இவரு உன் ஊட்டுக்காரரா? நல்ல மனுசன்மா. இவர் இல்லாங்காட்டி என் எருமை போய்ருக்கும்" என்றார் அவர். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, மீன்பிடிப்பவரைக் கூட்டிக்கொண்டு எருமையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போய்விட்டார்.

அவள் அழுது முடிக்கும் வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் உட்காரக்கூடத் துணிச்சல் வரவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஹெட்செட் எறிந்தது, அந்தப் பெண் பார்த்த பார்வை, டாக்டர், மாத்திரை, எல்லாம். கடைசியில் அவள் இதைத்தான் சொன்னாள்:

"பத்து நாளா நீங்க வீட்ல யார் மேலயும் கத்தலைங்க. அப்பவே ஏதோ சரியில்லைன்னு எனக்குப் பட்டுச்சு."

கரையில் என்னைத் தலை குனிய வைத்தது அந்த வார்த்தைதான். நான் அமைதியாக இருந்தால் வீட்டில் பயப்படுகிற அளவுக்கு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். அவள் சந்தோஷத்தில் என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்தேனே, அவள் பயந்துபோய்ப் பார்த்திருக்கிறாள்.

"சரி, திங்கக்கிழமை போய் முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. வேலை இருக்கா இல்லையாங்கறது அப்புறம்" என்றாள்.

அப்படியே செய்தேன். தனியாக அல்ல, அந்தப் பெண் திட்டு வாங்கிய அதே இடத்தில், குழுவில் எல்லோர் முன்னாலும். "பரவாயில்லை சார்" என்று அந்தப் பெண் சொல்லவில்லை. "கேட்டதுக்கு நன்றி சார்" என்று மட்டும் சொன்னாள். அது நியாயம். வேலை இருந்தது. ஆனால் குழுப் பொறுப்பை நானே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, பகல் வேலைக்கு மட்டும் மாறிக்கொண்டேன். அந்தப் பெண் என்னோடு சகஜமாகப் பேச ஏழு எட்டு மாதம் ஆயிற்று.

இப்போது வாரத்தில் நாலு நாளாவது ஆபீசுக்குப் போகும் முன் முக்கால் மணி நேரம் ஏரிக்கரையில் நடக்கிறேன். சனிக்கிழமைகளில் மனைவியும் மகளும் வருவார்கள். மகள் பறவைகளைப் படம் வரைவாள். மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்திருக்கிறார். கோபம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது வரும்போது இப்போது எனக்குத் தெரிகிறது. வெளியே இறங்கிவிடுகிறேன்.

மன அழுத்தம் என்று யார் வந்து சொன்னாலும், டாக்டரைப் பாருங்கள், தினம் ஆகாயம் தெரிகிற ஒரு இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருங்கள் என்று தயங்காமல் சொல்கிறேன். கூடவே, எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறேன். எனக்கு மூச்சுத் திரும்பி வந்துகொண்டிருந்த அதே கரையில், எனக்கு ரொம்பவும் வேண்டியவள் மூச்சு நின்றுபோய் நின்றிருக்கிறாள் என்பதை நான் இந்த ஜென்மத்தில் மறக்கப் போவதில்லை.