சுருளிப்பட்டியில் மட்டும் அணைந்த திரை

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தொழிலில் முழுதாகச் செத்த பெட்டி நம் தோழன். அவ்வப்போது மட்டும் சாகிற பெட்டிதான் வர்க்க எதிரி. ஆட்டத்தின் நடுவே திரை இருண்டு, உள்ளே காற்றாடி மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்ற, மானிட்டரில் ‘நோ சிக்னல்’ மிதப்பதைப் பார்த்து நெஞ்சடைத்துப்போன அன்பர்களே, நம் கதைதான் இது. கம்பத்தில் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரியும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. தண்ணீருக்கும் கூலிக்கும் போராடிய நாட்களில் துண்டறிக்கை அடிக்க ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். அது படுக்கும்போதெல்லாம் திறந்து பார்த்தே கற்றேன். அன்று என்னோடு கொடி பிடித்தவர்கள் இன்று காரில் போகிறார்கள். அவர்கள் கம்ப்யூட்டரும் என்னிடம்தான் வருகிறது.

கடைக்கு வந்தால் உத்தமன்

பவித்ரா கல்லூரி மாணவி. அவள் அப்பா தங்கராசு சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருக்கிறார். ஆன்லைனில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் ஓர் அணியில் இருக்கிறாள். போட்டியின் பாதியில் திரை இருண்டு இவள் காணாமல்போக, அணி தோற்றுக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படி ஆனால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன் என்று மதுரையில் இருக்கும் அணித் தலைவி சொல்லிவிட்டாள். பவித்ரா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் பைக்கில் என் கடையில் வந்து இறங்கினாள்.

கேபிளை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தேன். சூடு ஏறினால்தான் குறை தெரியும் என்று நானே உட்கார்ந்து ஆடினேன். திரை சாகவில்லை, நான்தான் திரும்பத் திரும்பச் செத்தேன். பின்னால் நின்ற பவித்ராவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “தோழர் மாமா, போலீசக் கண்டு ஓடாம நிக்கிறதெல்லாம் ரோட்டுல சரி. இங்கன ஓடணும்!”

குற்றமற்றவர்கள்

வீட்டுக்குப் போன அன்றே திரை மீண்டும் இருண்டது. கடையில் ஓடி வீட்டில் அணைகிறது என்றால் குற்றவாளி மின்சாரம்தானே? தோட்டத்து மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது என்று முடிவுகட்டி, நேரே மின்சார அலுவலகத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் நாற்காலி நகர்ந்தது, டீ வந்தது. அவர்களை எதிர்த்து நான் போட்ட கோஷங்களுக்கு அந்த அளவு மரியாதை உண்டு.

லைன்மேன் முத்தையா மீட்டரோடு பவித்ரா வீட்டுக்கு வந்தார். ஊர் மோட்டார்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பவித்ரா ஆடினாள். எங்கள் கண்ணெதிரே திரை இருண்டது. மீட்டரில் வோல்டேஜ் இம்மியும் இறங்கவில்லை. இன்னொரு தடவை அளந்து பாருங்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். முத்தையா மீட்டரைப் பையில் போட்டார். “தோழரே, இந்த ஒரு தடவை நாங்க தப்புப் பண்ணலன்னு ஒரு நோட்டீசு அடிச்சு விடுங்க. ஆபீசுல ஒட்டி வச்சுக்கிறோம்.”

தோட்டத்து முடிச்சு

ஞாயிறு மதியம், போட்டிக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில், அந்த வீட்டிலேயே வைத்துப் பெட்டியைத் திறந்தேன். கடையில் பார்க்காத ஒன்று உள்ளே இருந்தது. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு, பெட்டியின் மேல் தகட்டோடு சணலால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. திராட்சைக் கொடியைப் பந்தல் கம்பியில் கட்டுகிற அதே சணல், அதே முடிச்சு.

“யார் கட்டுனது?”

தங்கராசு பெருமையாக முன்னால் வந்தார். “நாந்தான். கனம் தாங்காமச் சாஞ்சு கெடந்துச்சு, பாக்கப் பொறுக்கல.”

“கடைக்கு வரும்போது இல்லையே?”

“பைக்குல குலுங்குனா சணல் இழுத்து ஒடிச்சுரும்ல? கொண்டாரும்போது அவுத்துருவேன். வீட்டுக்கு வந்ததும் கட்டிருவேன்.”

அவர் இழுத்த இழுப்பில் கார்டின் ஒரு முனை, செருகிய இடத்தை விட்டு எழும்பி நின்றது. சும்மா இருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும்; ஆட்டம் சூடுபிடித்துக் காற்றாடி அதிர்ந்தால் தொடர்பு விட்டுப்போகும். சணலை நறுக்கி, கார்டை அழுத்திச் செருகினேன். பவித்ரா முறைத்த முறைப்பில் மனிதர் சுருங்கிப்போனார். “சாஞ்சிருந்ததக் கண்டுபிடிச்சது சரிதான், தங்கராசு. மேலே இழுக்காம, கீழே முட்டுக் குடுங்க” என்றேன். பாய்ந்து போய் மூங்கிலைச் சீவி எடுத்து வந்தார். அளவு அத்தனை கச்சிதம். கதவோரம் நின்று பார்த்த அவர் மனைவி சொன்னார்: “நல்ல வேளை தோழரே, கொடிக்கு அடிக்கிற மருந்த இதுக்கும் அடிக்காம விட்டாக!”

யார் யாரைச் சுட்டது?

போட்டி தொடங்கியது. யார் யாரைச் சுடுகிறார்கள் என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. திரை எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்றாடி இரைய ஆரம்பித்ததும் தங்கராசு என் கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக இருளும் கட்டம் வந்தது, போனது. வெளிச்சம் அப்படியே நின்றது. கடைசிச் சுற்றில் தனியாக மிஞ்சிய பவித்ரா எதிரியைச் சாய்த்தாள் என்பது அவள் நாற்காலியில் இருந்து குதித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்களும் குதித்தோம். ஸ்பீக்கரில் தலைவியின் குரல் கேட்டது: “பவி, ஒன் எடத்துக்கு ஒருத்தியப் பேசி வச்சிருந்தேன்டி. வேணாம்னு சொல்லிர்றேன்.”

எத்தனையோ கோரிக்கைகளோடு எத்தனையோ வாசல்களில் உட்கார்ந்திருக்கிறேன்; உட்கார்ந்த அன்றே முழு வெற்றி கிடைத்தது, அரசாங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத இந்த ஒன்றில்தான்.