‘சாப்பிட்டேன்’ என்றார் அக்கா

போன வருடம் தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்து, நடுக்கடலில் ஒரு கப்பலில் நடந்தது இது. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன், “அம்மா, இருபது வருசமா அந்தக் கவுண்டர்லயே உக்காந்திருக்கீங்க. பத்து நாளு கப்பல்ல போயி சும்மா இருங்கலா” என்று சொல்லி, எனக்கும் என் அக்காவுக்கும் சேர்த்துப் பயணத்தை ஏற்பாடு செய்துவிட்டான்.

நான் ஈப்போ, ஜெலாப்பாங்கில் ஒரு சின்ன கிளினிக்கில் நோயாளிகளைப் பதிவு செய்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலையில் இருக்கிறேன். அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அத்தான் போன பிறகு பாகான் டத்தோவில் தனியாக இருக்கிறார். இனிப்பு நீர் வியாதி, அதுதான் சர்க்கரை நோய், உண்டு. முழங்கால் வலியும் உண்டு. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தென்னை மரங்களுக்கு அப்பால் கடல் தெரியும். ஆனால் படகில்கூட ஏறியதில்லை.

கப்பலில் முதல் மூன்று நாளும் அக்கா என் முந்தானையை விடவே இல்லை. லிஃப்டில் தனியாக ஏறப் பயம். அறைக் கதவை அட்டை தேய்த்துத் திறக்கப் பயம். சாப்பாட்டுக் கூடத்துக்கு நான் போனால்தான் அவரும் வருவார். “இந்தா, இங்கதான் இருக்கேன்” என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் அதிகம், மறைப்பானேன்?

நான்காம் நாள் எந்தத் துறைமுகமும் கிடையாது. நாள் முழுக்கக் கடல்தான். விடிந்ததும் எழுந்துவிட்டேன். அக்கா அசந்து தூங்கினார். எழுப்பாமல் மேல்தளத்துக்குப் போய், முட்டையும் ரொட்டியும் காப்பியுமாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு, சாய்வு நாற்காலியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்தேன். அடடா, என்ன சுகம்! யாரும் ‘நம்பர் எத்தனை?’ என்று கேட்கவில்லை. என் பிழைப்பில் பட்டப்பகலில் நான் மல்லாந்து படுத்தது அன்றைக்குத்தான்.

பத்து மணி இருக்கும். அக்கா எப்படியோ விசாரித்து என்னைக் கண்டுபிடித்து வந்துவிட்டார்.

“சாப்பிட்டியாக்கா?” என்றேன், தொப்பியை எடுக்காமலே.

“சாப்பிட்டேன், சாப்பிட்டேன்.”

“சரி, அப்ப ரூமுக்குப் போயி ரெஸ்ட் எடு. நா பொறவு வாரேன்.”

நான் நன்றாகத் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது மணி ஒன்று. பகல் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று அறைக்கு இறங்கினேன். அக்கா இல்லை. போர்வை மடித்தபடி இருந்தது. குளியலறையிலும் இல்லை.

கைப்பேசியை எடுத்த பிறகுதான் உறைத்தது, நடுக்கடலில் லைன் ஏது? சாப்பாட்டுக் கூடம், கடைகள், நாடகக் கொட்டகை எல்லாம் அலசினேன். பெண்கள் கழிவறையில் ஒவ்வொரு கதவாகத் தட்டி “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரி பயந்து குரல் கொடுத்தாள். மறுபடி மேல்தளத்துக்கு ஓடி வந்தபோது மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். அவ்வளவு ஆழத்தில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது. கம்பி என் நெஞ்சு உயரம், முழங்கால் வலிக்காரி எப்படி ஏறி விழுவார் என்று அறிவு சொல்கிறது. மனசு கேட்டால்தானே!

தகவல் மேசையில் இருந்த பெண், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள். பத்து மணிக்கு என்றேன். சுவரில் கடிகாரம் ஒன்று நாற்பது காட்டியது. அவள் அதை எழுதிக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆட்களை அனுப்புகிறோம், நீங்கள் அறையிலேயே இருங்கள் என்றாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் இறங்கினேன். அழுகையும் பயமுமாக இறங்கியதில் தளக் கணக்குத் தவறி, எங்கள் தளத்துக்குக் கீழே ஒரு தளம் போய்விட்டேன். எல்லாத் தளமும் ஒரே அச்சுதான். அதே கம்பளம், அதே கதவுகள். எங்கள் அறை இருக்க வேண்டிய இடத்தில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் என் அக்கா. நான் இறங்கிய அதே தப்பான தளத்தில்தான் அவரும் இறங்கி, யாருடைய கதவிலோ அட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்.

முகமெல்லாம் வியர்வை. கண் எங்கேயோ பார்த்தது. “அக்கா!” என்று உலுக்கினேன். வாய் குழறியது. பக்கத்தில் அறை சுத்தம் செய்யும் ஊழியர் ஒருவர் மண்டியிட்டிருந்தார். இந்தோனேசியாக்காரர், முப்பது வயது இருக்கலாம். மருத்துவரைக் கூப்பிட்டாச்சு என்று அவருடைய மலாயில் சொன்னார். அவர் கையில் சீனிப் பொட்டலம், பிரிக்கப் போகிறார்.

நான் வெடுக்கென்று பிடுங்கினேன். “ஜாங்கான்! வேணாம்! இவங்களுக்கு இனிப்பு நீர் இருக்கு!” என்று கத்தினேன். தெரிந்த மலாயும் தமிழும் கலந்து வந்தது. சாப்பிடாமல் இருந்து சீனி இறங்கிய மயக்கமாக இருக்கலாமே என்றார் அவர். “சாப்பிட்டாங்க, நானே கேட்டேன்” என்றேன். பெரிய இவள் மாதிரி, நான் கிளினிக்கில் வேலை செய்கிறேன், எனக்குத் தெரியும் என்று வேறு சொன்னேன். அக்காவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்றே என் மனசு முடிவு கட்டியிருந்தது.

அவர் என்னிடம் வாதாடவில்லை. அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்து, “இபு, சுடா மாக்கான்?” என்று கேட்டார். அம்மா, சாப்பிட்டீர்களா?

“சுடா” என்றார் அக்கா. ஆச்சு.

நான், பார்த்தாயா என்பது போல அவரைப் பார்த்தேன். அவர் விடவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்றார்.

“மாக்கான் உபாட்.” மருந்து சாப்பிட்டேன்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். அவர்கள் ஊர்ப் பேச்சில் மருந்தைக் ‘குடிப்பார்கள்’, சாப்பிட மாட்டார்களாம். நம் மலாயில்தான், நம் தமிழில் இருப்பது போலவே, மருந்தையும் சாப்பிடுவோம், சோற்றையும் சாப்பிடுவோம். “மருந்தா? மருந்து மட்டுமா? சோறு?” என்று அவர் மறுபடி கேட்டார்.

“பெலும். துங்கு ஆடிக்” என்றார் அக்கா.

இன்னும் இல்லை. தங்கச்சிக்காகக் காத்திருக்கேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரையை மறந்துவிடுவார் என்று வருடக்கணக்காகத் தினமும் காலையில் ஈப்போவிலிருந்து போன் போட்டு நான் கேட்கிற கேள்வி, “சாப்பிட்டியாக்கா?” அதற்கு அவர் சொல்கிற பதில், “சாப்பிட்டேன்.” கப்பலிலும் நான் சாப்பாட்டை நினைத்து அதையே கேட்டேன், அவர் மாத்திரையை நினைத்து அதையே சொல்லியிருக்கிறார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் தவிர எதுவும் இல்லாமல், பகல் இரண்டு மணி வரை!

பிடுங்கிய பொட்டலத்தை நானே பிரித்தேன். அவசரத்தில் பாதி கம்பளத்தில் கொட்டியது. அந்த மனிதர் இன்னொன்றைப் பிரித்து, அக்காவின் கன்னத்தின் உட்பக்கம் வைத்துத் தேய்த்துவிட்டார். தன் அம்மாவுக்கும் இதே வியாதிதான் என்று மட்டும் சொன்னார். மருத்துவரும் தாதியும் தள்ளுவண்டியோடு ஓடி வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்ததும் தாதியின் முகம் மாறியது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றார் மருத்துவர். அங்கேயே கையில் குளுக்கோஸ் ஊசி ஏற்றினார்கள்.

மருத்துவ அறையில் அக்கா முழுதாக என்னை அடையாளம் கண்டுகொள்ள வெகு நேரமானது. அதுவரை நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“ஏன்டி அழுவுற? பசி மயக்கம்லா” என்றார் கண் திறந்து. “நீ சாப்பிட்டியா?”

அந்த ஊழியரை மறுநாள் தேடிப் போய் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “திடாக் அப்பா அப்பா, பூ” என்று கூச்சத்தோடு சிரித்தார். பரவாயில்லையாம். அவர் மட்டும் நம் ஊர்க்காரராக இருந்திருந்தால், ‘மருந்து சாப்பிட்டேன்’ என்பது காதில் உறுத்தியிருக்காது. என் பேச்சை நம்பியிருப்பார். நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

ஊர் திரும்பிய பிறகு இதை எல்லாரிடமும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தையால் வந்த வினை பாருங்கள் என்பேன். இப்போது போனில் சோறு தனி, மாத்திரை தனி என்று இரண்டு கேள்வி கேட்கிறேன். அக்காவுக்கும் அதில் சிரிப்புத்தான்.

ஆனால் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. அன்று பத்து மணிக்கு “சாப்பிட்டேன்” என்று சொன்ன அக்கா உடனே போய்விடவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். அவருடைய நிழல் என் காலில் விழுந்தது, வெயில் தணிந்ததில் தெரிந்தது. தனியாகப் போகப் பயந்துதான் நிற்கிறார் என்பதும் தெரிந்தது. தொப்பிக்கு உள்ளே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தூங்கிவிட்டது போலக் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் காலில் மறுபடி வெயில் சுட்டது. அப்பாடா, போய்விட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது பாருங்கள், அந்த நிம்மதியை நினைத்துவிட்டால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.