மருத்துவமனையில் இல்லாத பெயர்

"அடுத்த வாரம் வீட்டுக் கதை சொல்ல நம்ம ரெண்டு பேரோட முறை. என்னடி சொல்லப் போற?" என்று கேட்டாள் ஒத்தீலியா. லத்தீனோ அடையாளமும் கதைசொல்லலும் பற்றிய கருத்தரங்கு வகுப்பு முடிந்து, அவளும் நோயெமியும் சலினாஸ் பேருந்துக்காக நின்றிருந்தார்கள்.

"எங்க வீட்டுல கதையே இல்ல. அப்பா பஸ் ஓட்டுறாரு, சாப்பிடுறாரு, தூங்குறாரு. நீ?"

"காய்ச்சல்னு லீவு போடப் போறேன்."

"மார்க்?"

"போகுது. உங்கிட்ட மட்டும் சொல்றேன். குறுக்கே பேசாத. நீ எங்க பேசப் போற, ஊமைக்கோட்டான்!"

எல்லை தாண்டி வந்த ஒத்தீலியாவின் அப்பா இலாரியோவுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதிக் காகிதம் கிடையாது. ஆகவே ஊரில் பலரையும் போல இன்னொருவரின் பெயரையும் அடையாள அட்டையையும் வாங்கி, லெட்யூஸ் கீரை வயலில் ராமீரோ காந்தூ ஆனார். வாசலில் பூட்ஸைக் கழற்றியதும் இலாரியோ. ஞாயிற்றுக்கிழமை கறி சுடும்போது கூட்டாளிகள் வாய்தவறி ராமீரோ என்றால், "அந்தப் பய வயல்லயே தூங்குறான்" என்பார்.

போன ஆகஸ்டில் வெயிலில் சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் ராமீரோவைத்தான் கொண்டுபோனது. பதறி ஓடிய அம்மா, கட்டிய நாள் முதல் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கேட்டாள். அப்படி யாரும் இல்லை என்றார்கள். இன்னொரு மருத்துவமனைக்கு ஓடினாள்; அங்கும் இல்லை. திரும்பி வந்து மறுபடியும் இலாரியோவைத்தான் கேட்டாள். மற்ற பெயர் அவளுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஒத்தீலியா கல்லூரியிலிருந்து வந்து காந்தூ என்றதும் நர்ஸ் எழுந்து நின்றாள். பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் அவர் போய்ச் சேர்ந்திருந்தார். சிலுவையிலும் காந்தூ என்றே எழுதினார்கள். அம்மா அங்கே பூ வைக்கப் போவதில்லை. "அது யாரோ" என்கிறாள்.

"இதை வகுப்புல சொல்லேன்," என்றாள் நோயெமி.

"நாம பேசுறதையெல்லாம் படம் புடிச்சு காலேஜ் இணையத்துல போடுறாங்க. எங்கண்ணன் இப்ப அதே வயல்ல, வேற ஒருத்தன் பேர்ல நிக்கிறான். நான் வாயத் தொறந்தா அவனப் புடிச்சு எல்லைக்கு அந்தாண்ட தள்ளிருவாங்க."

பேருந்து வந்து நின்றது. ஒத்தீலியா ஏறவில்லை. நோயெமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இங்க பொறந்தவ. உங்க சித்தப்பா கதைன்னு சொல்லு. ஊரை மாத்து, வயலை மாத்து. இலாரியோங்கிற பேர மட்டும் மாத்தாதடி. அத ஒருதடவ சத்தமாச் சொல்லு."