அடுத்தவருக்கு வைத்த மாத்திரை

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம், அணைக்கட்டை ஒட்டியுள்ள இலங்கை அகதிகள் முகாமில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் மரிய கொறற்றி வீட்டுக்குத்தான் போவார்கள். அவளிடம் ஒரு பழைய பால்பவுடர் டின் இருந்தது. அதைப் பேணி என்பார்கள். உள்ளே துண்டு துண்டாக வெட்டிய மாத்திரை அட்டைகள். கேட்டவருக்கு இரண்டு, மூன்று என்று வெட்டிக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள்.

கொறற்றி மன்னார்க்காரி. சண்டையில் மருந்து வராத காலத்தில், பதுங்குகுழிக்கும் வீட்டுக்குமாக ஓடி வளர்ந்தவள். அங்கே மாத்திரை கிடைத்தவர் காய்ச்சல் விடும்வரை போட்டுக்கொள்வார். விட்டதும் மிச்சத்தை அடுத்தவருக்கு வைத்துவிடுவார். முழு அட்டையையும் ஒருவரே விழுங்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது. கொறற்றியின் அம்மா அப்படிச் சேர்த்த பேணியைத்தான் அவள் படகில் ஏறும்போதும் மடியில் வைத்திருந்தாள். இங்கே வந்தும் வழக்கத்தை விடவில்லை; யாரிடம் மாத்திரை மிஞ்சினாலும் பேணிக்குள் வந்துவிடும். முகாமில் அவளுக்கு இருந்த மரியாதை அந்தப் பேணியால் வந்தது.

கணவன் சவரி பெயின்டர். சண்டையில் வெடித்த ஷெல் குண்டின் துண்டு ஒன்று முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டித் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் அந்த இடம் வீங்கி உடைந்து சீழ் வரும். கொறற்றி பேணியிலிருந்து ஏதாவது எடுத்துக் கொடுப்பாள். சீழ் நின்றதும் மாத்திரையும் நிற்கும். சவரி ஏணி ஏறப் போய்விடுவான். பல வருடம் இப்படியே ஓடியது. போன ஐப்பசியில் சீழ் நிற்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். முகாமுக்கு அப்போதுதான் போக ஆரம்பித்திருந்தேன். சவரிக்குக் கட்டு மாற்றக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே வாடை அடித்தது. கட்டிலைச் சுற்றிக் கொறற்றி ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தாள்.

“ஊதுபத்திய அணைம்மா. புண்ணு வாடைக்கு இதெல்லாம் ஆவாது” என்றேன்.

சவரிக்கு உடம்பு கொதித்தது. அன்றே தர்மபுரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டர் தேவிப்பிரியா சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார். எந்த மருந்து கேட்கும் என்று தெரிய மூன்று நாளாவது ஆகும். அதுவரை எதைப் போடுவது என்று முடிவுசெய்யத்தான் கேட்டார்.

“இதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை போட்டாருங்க?”

“ஒண்டும் இல்லை டொக்டர். காய்ச்சல் குளிசை மட்டும்தான்” என்றாள் கொறற்றி.

நான் அப்போது சீட்டு வாங்கும் வரிசையில் நின்றேன். டாக்டர் அவள் சொன்னதை நம்பி, வழக்கமாகப் போடும் மருந்தைத் தொடங்கினார். காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் பாதம்வரை வீங்கியது. வீக்கம் இன்னும் பரவினால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

சவரி சிரித்தான். “பிரச்சினை இல்லை. இனி ஒரு செருப்பு தேய்ஞ்சால் மற்றது கைவசம் இருக்கும்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ!” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

சவரி என் கையைப் பிடித்தான். “மிஸி, அவளிட்டப் பேணியைப் பற்றிக் கேளுங்கோ.” அவர்கள் ஊரில் நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்களாம். பேணியிலிருந்து தான் போட்டதையும், அதை அவள் டாக்டரிடம் மறைத்ததையும் அவனே சொன்னான்.

கொறற்றி வராந்தாவில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“டாக்டர்கிட்ட ஏம்மா மறைச்ச?”

“என்னெண்டு சொல்லுறது மிஸி? முகாம் முழுக்கக் குடுத்தனான். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினவை. இப்ப இவரின்ர காலை நான்தான் திண்டனான் எண்டு எந்த வாயால சொல்லுவன்?”

“கால் போனதுக்கப்புறம் சொல்லி என்ன பண்றது? பஸ் ஏறு. டின்ன எடுத்துட்டு வா.”

முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். டாக்டர் மேசையில் கொட்டினாள். டாக்டர் துண்டுகளை வகை வகையாகப் பிரித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

“இத்தனையுமாங்க குடுத்தீங்க?”

பக்கத்தில் நின்ற ஓர் ஆயா எட்டிப் பார்த்து, “மெடிக்கலே வெச்சு நடத்தறாளாட்டம் இருக்குது” என்றாள். கொறற்றி நிமிரவே இல்லை.

“பாதியில நிறுத்துனா, மருந்துக்கு மசியாத கிருமிதாங்க மிச்சம் நிக்கும். அப்புறம் அதுவே பெருகும். அதுக்கு மறுபடியும் பாதி மருந்துன்னா எப்படிங்க?” என்றார் டாக்டர்.

அன்றே மருந்தை மாற்றினார். பரிசோதனை முடிவும் அதையே சொன்னது: பேணியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அந்தச் சீழுக்குக் கேட்காதவை. ஷெல் துண்டையும் செத்த எலும்பையும் எடுத்தார்கள். பல வாரம் நரம்பில் ஊசி. கால் தப்பியது. அதன்பிறகு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றுகூட விடாமல் முடிக்க வேண்டும், விட்டால் கால் மறுபடி ஆபத்து என்று டாக்டர் இருவரிடமும் சொல்லித்தான் அனுப்பினார்.

கொஞ்ச நாள் கழித்து நான் போனபோது புண் மூடியிருந்தது. பக்கத்து வீட்டு நிர்மலா வாசலில் நின்றாள். இடுப்பில் அவள் குழந்தை பிளசி, காதில் பஞ்சோடு அழுதுகொண்டிருந்தது. சவரி தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினான். காலையில் அவன் போட்டிருக்க வேண்டியது.

“எனக்குச் சுகம்தானே மிஸி. பிள்ளைக்குக் காதில சீழ்.”

நான் வாயைத் திறப்பதற்குள் கொறற்றி அதைப் பிடுங்கினாள். தண்ணீர்ச் செம்போடு அவனிடமே திருப்பி நீட்டினாள்.

“விழுங்குங்கோ.”

“பிள்ளை அழுகுது, கொறற்றி.”

“விழுங்குங்கோ எண்டுறன்!”

அவன் நிர்மலாவைப் பார்த்தபடி விழுங்கினான்.

“ஓகோ” என்றாள் நிர்மலா. “உன்ர மனுசனுக்கெண்டா முழுசும். எங்களுக்கெண்டா ரெண்டு ரெண்டோ?”

கொறற்றிக்கு முகம் கறுத்துவிட்டது. பதில் சொல்ல அவளிடம் நியாயம் இருந்தது. டாக்டர் சொன்ன காரணத்தைச் சொல்ல வாயெடுத்த என்னைக் கையசைத்து நிறுத்தினாள்.

“நான் முந்தித் தந்ததும் பிழை நிர்மலா” என்றாள். “வா, பிள்ளையை டொக்டரிட்டக் காட்டுவம்.”

மூன்று பேரும் குழந்தையோடு பஸ் ஏறினோம். நிர்மலா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். கொறற்றி பையை எடுக்கச் சொல்லவில்லை. குழந்தையின் காலிலிருந்து கழன்று விழுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை நின்றே வந்தாள்.