இரண்டாவது ஹெல்மெட்

அந்த ஹெல்மெட் இப்போதும் என் ஸ்கூட்டியின் முன்கொக்கியில்தான் தொங்குகிறது. நீல நிறம். வலது காதுப் பக்கம் சாயம் உரிந்து வெள்ளை தெரியும். உள்ளே இருக்கும் பஞ்சில் யார் யாருடைய தலை எண்ணெயோ ஊறிக் கிடக்கும். என் தலையில் ஒன்று, கொக்கியில் இது ஒன்று. யாருக்கு என்று கேட்பவர்களிடம் அக்கா சொன்ன பதிலைத்தான் நானும் சொல்கிறேன்: யாருக்கென்று வழியில் தெரியும். அக்கா அதைச் சொன்னபோது கேட்டவர்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். நான் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்து, நர்சிங் படித்து, ஒரு சிறிய மிஷனரி சங்கத்தின் மூலம் காஞ்சிபுரத்துக்கு ஊழியத்துக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயதுபோல் மூத்தவர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணைக் கழுவி மருந்து கட்டுவது அவருடைய வேலை. ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்பார். சொல்லாவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நான் ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் பொறியியல் முடித்துவிட்டு, ஓரிடத்தில் உட்காராமல் அலைந்துகொண்டிருந்தவள். வாலிபர் கூட்டம் ஒன்றில், ஒரு வருடம் ஊழியத்துக்குக் கொடுப்பவர்கள் யார் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியது நான்தான். கேள்வி முடிவதற்குள்ளேயே தூக்கிவிட்டேன் என்று வீட்டில் இன்றும் கேலி செய்வார்கள். தூக்கிய கை கீழே இறங்கியதுமே பயம் வந்துவிட்டது. அது இன்னும் போகவில்லை.

எனக்கு எல்லாமே பயமாக இருந்தது. புண்ணின் வாடை, சந்து முனையில் படுத்திருக்கும் நாய், அக்கா வண்டி ஓட்டும் லட்சணம், எல்லாம். அவற்றைவிடப் பெரிய பயம், தெருவில் யாராவது வண்டியை மறித்து, யார் நீங்கள், எதற்கு இங்கே வருகிறீர்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்பது. ஊழியக்காரர்களைக் கூட்டம் சூழ்ந்து அடிப்பதாகக் கைப்பேசியில் பார்த்த காட்சிகளெல்லாம் அப்போது கண்முன் ஓடும். அக்காவோ தினமும் காலையில் மூங்கில் மண்டபம் முனையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். எந்த வீடு முதலில், எந்தத் தெரு வழியாக என்று ஆண்டவரிடம் கேட்கிறாராம்; மனசில் கிடைக்கும் பதிலை நடத்துதல் என்பார். பின்னால் ஹாரன்கள் காதைக் கிழிக்கும். ஒருநாள் ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னாமா, நடு ரோட்ல தூங்கினு இருக்கிற? வூட்டாண்ட போய் தூங்குமா" என்றார். அக்கா கண்ணைத் திறக்காமலே, "வழி கேக்கேன் அண்ணே" என்றார். "யார கேக்குற? இங்க நான்தான இருக்கிறேன், என்ன கேளு!" அக்கா சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழி தவறாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓர் அமாவாசைக் காலையில் அது தெரிந்தது. நெசவாளர் தெரு ஒன்றின் கடைசி வீட்டில், மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன ஓர் அண்ணன் இருந்தார். முதுகின் அடியில் படுக்கைப்புண். அக்கா மாதக்கணக்கில் கழுவிக் கட்டி, அப்போதுதான் அது ஓரங்களில் மூட ஆரம்பித்திருந்தது. கட்டுவது சில நாள் நின்றால் எல்லாம் பாழ். வேறு யாரும் வந்து கட்டப்போவதும் இல்லை. அந்தத் தெருவில் காலை வேளைகளில், தறியில் ஏற்ற வேண்டிய நீளப் பட்டு இழைகளை, பாவு என்பார்கள், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவிடுவார்கள். அப்போது வண்டி நுழையக்கூடாது, சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் போக வேண்டும். அமாவாசையன்று தறி ஓடாது, தெருவில் பாவும் இருக்காது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. அன்று மண்டபத்து முனையில் கண்ணைத் திறந்த அக்கா, "நேரா தெரு வழியாவே போவோம் பிள்ள, நடத்துதல் கிடைச்சிட்டு" என்றார். எனக்கென்னவோ பின்பக்கமாகவே போகலாம் என்றிருந்தது. சொன்னேன். அக்கா ஆக்ஸிலரேட்டரைத் திருகிவிட்டார்.

அதற்கு முந்தைய நாட்களெல்லாம் மழை. ஒரு முகூர்த்தப் புடவைக்கு நாள் நெருங்கிவிட்டதால், ஒரே ஒரு குடும்பம் மனசில்லாமல் அமாவாசையிலும் பாவை வெளியே கட்டியிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. தெரு முனையில் திரும்பியபோது எதிர்வெயில். அரக்கு நிறத்தில் ஏதோ மின்னியதைப் பார்த்தேன். அடுத்த நொடி ஹேண்டில்பார் கயிற்றில் மாட்டி, முளைக்கம்பு பிடுங்கிக்கொண்டு வர, நாங்கள் சரிந்து விழுந்தோம். அத்தனை நீளப் பட்டும் தொய்ந்து ஈரத் தரையில் படிந்தது. இழைகள் அறுந்த சத்தம் கேட்டதா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. ஆனால் கனவில் கேட்கிறது.

வாசல்கள் எல்லாம் திறந்தன. எங்களைச் சுற்றி வேட்டிகளும் லுங்கிகளும் புடவைகளும். "கண்ணு அவிஞ்சா பூடுச்சி?" என்று ஒரு குரல். "இவங்க அந்த அல்லேலூயா கேசுபா" என்று இன்னொன்று. பாவுக்குச் சொந்தக்காரரின் மகன், என் வயதுதான் இருக்கும், வண்டிச் சாவியை உருவிக்கொண்டான். "தெனம் மண்டபத்தாண்ட நின்னு வழி கேக்குறியே, ஊரே பாக்குது. வழி காட்டுற சாமி இங்க பாவு கட்டிக்கிறத காட்டலயா?" கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். இதற்கு அவர் ஏதாவது பதில் சொல்வார், அந்தப் பதிலை நானும் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அக்கா அவனை நிமிர்ந்து பார்த்து, "அதான் தம்பி எனக்கும் தெரியல. தப்பு என் மேலதான்" என்றார். அவ்வளவுதான். பயந்துபோயிருந்த எனக்கு அந்தப் பதில் இன்னும் பெரிய பயமாக இருந்தது.

பாவின் சொந்தக்காரர் கத்தவில்லை. குந்தி உட்கார்ந்து இழைகளைத் தடவிப் பார்த்தார். அறுந்ததை முடிச்சுப் போட்டுச் சேர்க்கலாம், ஆனால் அதுவரைக்கும் இந்த முனையை ஓர் ஆள் தளராமல் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், முளை ஈர மண்ணில் இனி நிற்காது என்றார். பிறகு தெருக்கோடியைப் பார்த்தார். அங்கே அந்த அண்ணனின் மனைவி வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தெருவே தன்மேல் திரும்பும் என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும். "நீ போய் அவனுக்குக் கட்டினு வாம்மா. இந்தப் பொண்ணு இங்க நிக்கட்டும்" என்றார் பெரியவர். மகன், "நைனா, விட்டா ஓடிப்பூடுவாங்க" என்றான். "அதான் இத நிக்க வெக்கிறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "நிப்பியா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரா, என் முகத்தில் வேறு எதையாவது பார்த்தாரா, தெரியாது. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே தெருக்கோடிக்கு நடந்தார். அவருக்கும் அடிபட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பையின் வார் தோளிலிருந்து இரண்டு முறை நழுவியது, இரண்டு முறையும் நின்று எடுத்து மாட்டிக்கொண்டார்.

பாவு கட்டிய கழியை இரண்டு கையாலும் மார்போடு இழுத்துப் பிடித்து நின்றேன். தளர்ந்தால் முடிந்த இழையும் சிக்கும். கை மரத்துப்போனது. ஜெபிக்கப் பார்த்தேன், 'ஆண்டவரே' என்ற ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை, அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து கல் வரும் என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. இழை முடிந்துகொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, அந்தத் தொப்பிய கழட்டேன். பாவு இன்னா எகிறி வந்து அடிக்கவா போவுது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் அந்த நீல ஹெல்மெட் இன்னும் என் தலையில் இருப்பது எனக்கே உறைத்தது. கழற்றக் கை காலியில்லை. கழற்ற மனசும் இல்லை. அந்த அம்மா எழுந்து வந்து, என் தாடைக்குக் கீழே கையை விட்டு வாரை அவிழ்த்து, ஹெல்மெட்டைத் தூக்கிப் பக்கத்து ஜன்னல் கம்பியில் மாட்டினார். முந்தானையால் என் நெற்றியையும் துடைத்தார். அவர் அதை யோசித்துச் செய்ததாகக்கூடத் தெரியவில்லை. என் பயம் போய்விடவில்லை. ஆனால் கழியை விட்டுவிட்டு ஓடலாம் என்ற நினைப்பு அதற்குப் பிறகு வரவில்லை.

அக்கா திரும்பி வந்து கழியின் மறுபாதியைப் பிடித்தார். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் சாவி கிடைத்தது. திரும்பும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். "அக்கா, அந்த நடத்துதல் நெசமா, இல்ல உங்களுக்கா தோணுச்சா?" என்று கேட்டேன். "தெரியல பிள்ள" என்றார். கொஞ்ச தூரம் போய், "நாளைக்கும் கேப்பேன். கேக்காம வண்டி எடுக்க எனக்கு ரொம்ப பயம்" என்றார். அவரை நடத்துவது தைரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

என் ஒரு வருடம் முடிந்தது. நான் போகவில்லை. அக்காதான் போனார், வடக்கே ஒரு மலைக் கிராமத்து ஊழியத்துக்கு. வண்டியையும் ஹெல்மெட்டையும் என்னிடம் விட்டுவிட்டு, நர்சிங் படித்த இன்னொருத்தியை எனக்குத் துணையாகச் சேர்த்துவிட்டுப் போனார். அவளுக்கு இந்த வாரம் காய்ச்சல். அந்த மலைப் பக்கத்தில் ஏதோ கலவரம் என்று கைப்பேசியில் பார்த்ததிலிருந்து அக்காவின் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். கிடைக்கவில்லை. அங்கே சிக்னல் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்று அமாவாசை. அந்த அண்ணனுக்குக் கட்டு மாற்ற நான் தனியாகப் போனேன். மண்டபத்து முனையில் நிறுத்திக் கண்ணை மூடினேன்; எனக்கு எதுவும் கேட்கவில்லை, ஹாரன்தான் கேட்டது. தெரு முனையில் இன்ஜினை அணைத்து, இறங்கி நடந்துபோய் எட்டிப் பார்த்தேன். முகூர்த்த அவசரமோ என்னவோ, இந்த அமாவாசையிலும் பாவு இருந்தது. அன்று சாவியைப் பிடுங்கியவன்தான் முளை அடித்துக்கொண்டிருந்தான். "வாக்கா, ஓரமா தள்ளினு வா, நான் கயிற தூக்குறேன்" என்றான். குனிந்து வண்டியைத் தள்ளிக் கடந்தேன். "அந்த இன்னொரு அக்கா எப்படிக்கீது?" என்றான்.

பொய் சொல்ல வரவில்லை. "தெரியல. கூப்பிட்டா கிடைக்கல" என்றேன்.

அவன் கொக்கியில் தொங்கிய ஹெல்மெட்டைக் கழற்றினான். "இம்மாம் தூசி. அந்த அக்கா வந்தா போடுறதுக்குத்தான வெச்சிக்கிற, தொடச்சி வெக்கக் கூடாதா?" என்று தோளில் கிடந்த துண்டால் உள்ளும் புறமும் அழுத்தித் துடைத்து, மறுபடி கொக்கியில் மாட்டி, வாரையும் பூட்டினான். தெருக்கோடி வாசலில் அந்த அண்ணனின் மனைவி கை காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பயத்தோடேயே வண்டியைத் தள்ளினேன்.