போர்த்துக்கீசுக்காரரும் என் திருஷ்டிப் பொட்டும்

1. முதல் நாள்

சிதம்பரத்தில் ஓவியம் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் மாடலாக உட்காருகிறேன். ஆடாமல் அசையாமல் இருப்பதுதான் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. புவனகிரியில் பஸ் ஏறினால் கண்டக்டர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்டவளை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் ஈசல் என்கிற படம் தாங்கும் மரச்சட்டத்தை நிறுத்திக்கொண்டு பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள். வேர்த்துக் கொட்டியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா, தலையத் தூக்குங்க. மூக்கே தெரியல" என்றாள் செல்வி. குறிஞ்சிப்பாடிப் பெண், வாய் ஓயாது.

"எல்லாரும் பாக்குறாங்களேம்மா."

"பாக்கத்தானே உங்கள வரச் சொன்னோம்!"

2. கதை

என் கூச்சத்தைப் போக்க, பாடம் நடத்துகிற சார் கதை சொல்ல ஆரம்பித்தார். நூறு வருஷத்துக்கும் முன்னால் வாழ்ந்த ஒரு போர்த்துக்கீசு ஓவியரின் கதை. லிஸ்பனில் படிக்கப் போனவரை வருஷக்கணக்கில் பிளாஸ்டர் பொம்மைத் தலைகளையே வரையச் சொன்னார்களாம். பொம்மைக்கு மூக்கு அரித்தாலும் சொறியாது, இந்த வேலைக்கு அதுதான் லாயக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் பாரிசுக்குப் போய்க் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாராம். மாடு மேய்க்கிறவர்கள், வயலில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரையும் நேரில் பார்த்து வரைந்தாராம்.

"அழுக்கு இருந்தா அழுக்கு, மரு இருந்தா மரு. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதான் ரியலிசம்" என்பார் சார்.

கதை நடந்தால் நான் அசைய மாட்டேன். ஒரு நாள் மட்டும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் சார், அந்தப் பொம்பளைங்கள அவ்ளோ நேரம் உத்துப் பாத்தாரே, அவுங்களுக்குத் திருஷ்டி சுத்திப் போட்டாங்களா?"

சார் யோசித்தார். "அது புத்தகத்துல இல்லியேம்மா."

எனக்குத் திக்கென்றது. மறுநாளே கண்மையால் இடது கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு போனேன். ஒரே இடத்தில் வைத்தால் கண் பழகிவிடும் என்று அடுத்த நாள் வலது கன்னம். அதற்கடுத்த நாள் தாடை. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை எட்டிப் பார்க்க எனக்குக் கூச்சம். சாருக்குக் கதை சொல்லுகிற மும்முரம்.

3. பரீட்சை

கடலூரிலிருந்து பரீட்சை அதிகாரி வந்தார். அவர் ஃபெயில் போட்டால் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீண். நான் வராந்தாவில் ஜன்னலோரம் நின்று சாமியைக் கும்பிட்டேன்.

உள்ளே சத்தம் கேட்டது. "யாருங்க இந்தம்மா? அம்மை போட்டிருக்கா?"

எட்டிப் பார்த்தேன். வரிசையாக என் முகம். ஒவ்வொன்றிலும் இரண்டு கன்னத்திலும் தாடையிலும் கறுப்பு வட்டம்.

"செல்வி, என்னம்மா இது?" என்றார் சார்.

"அம்மா வச்சிகிட்டு வந்த பொட்டு சார். தினம் ஒரு எடத்துல இருந்துச்சு."

"அப்ப பழச அழிக்க வேண்டியதுதானே?"

"குறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க!"

அதிகாரி பேனாவைத் திறந்தார். "ஒரு முகத்துல மூணு பொட்டா? இதுவா ரியலிசம்? அந்த மாடலக் கூப்பிடுங்க."

உள்ளே போனேன். என் பொட்டால் பிள்ளைகள் படிப்பே போய்விடும் போலிருந்தது. ஆனால் கூச்சப்பட நேரமில்லை. முதல் நாள் செல்வி சொன்ன மாதிரி தலையைத் தூக்கினேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அடேங்கப்பா! அப்படியே இருக்காங்களே!"

எல்லோரும் பாஸ்.

வேறொன்றுமில்லை. பரீட்சைக்கு வெளியாள் வருகிறார், திருஷ்டி ஜாஸ்தியாகப் படும் என்று அன்றைக்கு இரண்டு கன்னத்திலும் தாடையிலும் சேர்த்தே வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

ஆகவே இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பொட்டை ஒரே இடத்தில் வையுங்கள். பரீட்சை அன்று மட்டும், படத்தைப் பார்த்துவிட்டு வையுங்கள்.