உடைந்த மூலை

பாண் எல்லாம் வெந்து வெளியே வந்த பிறகு பேக்கரிப் போறணை அடுப்பில் மிஞ்சிய சூட்டில் சோறு கிடந்து, மேலே முட்டையும் பாண்தூளும் பொரிந்து, அடியில் மாட்டிறைச்சியின் நெய் கசிந்து வரும் அந்த வாசம் ஒழுங்கை முனையிலேயே மூக்கில் ஏறிவிடும். ஆனால் உம்மா அதை மோந்து மகிழ்ந்ததை நான் கண்டதில்லை. தட்டம் படியேறும்போதே அவர் கண் அதன் மூலைகளைத் துழாவத் தொடங்கிவிடும்.

அக்குறணையில் எங்கள் வீட்டில் அப்போது போறணை கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் இறைச்சியை மிளகும் கறுவாப்பட்டையும் போட்டு மெத்தென்று அவித்து, அரைவேக்காட்டுச் சோற்றின் நடுவே உருளைக்கிழங்கோடு பரப்பி, மேலே சோறு மூடி, அடித்த முட்டை ஊற்றி உம்மா தட்டத்தை நிரப்புவார். வாப்பா அதைச் சந்திப் பேக்கரியில் கொடுத்துவிட்டு, ஜும்ஆ முடிந்து வரும் வழியில் எடுத்துவருவார். அங்கே நெருப்புப் பார்த்தவர் கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சூசை அண்ணன்.

"போறணைச் சோறு" வரும்போதெல்லாம் ஒரு மூலையில் மேல் பொருக்கு உடைந்திருக்கும். சூட்டில் வெடித்திருக்கும் என்பார் வாப்பா. "பாலுக்குப் பூனை காவல்" என்று முணுமுணுப்பார் உம்மா. வாப்பாவை நானா என்று கூப்பிடும் அவர் தங்கையான எங்கள் மாமியோடு ஒரு கலியாண வீட்டில் வார்த்தை தடித்துப் பேச்சு நின்றதிலிருந்து உம்மாவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை மீன்காரர் தராசை நான் குனிந்துதான் பார்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உம்மா அந்த மூலையில் அடையாளத்துக்கு ஒரு நல்லி எலும்பைப் புதைத்து அனுப்பினார். தட்டம் வந்தது, நல்லி வரவில்லை. தலையில் முட்டாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு உம்மா பேக்கரிக்கு நடக்க, நான் பின்னால் ஓட, வாப்பா கடைசியாக வந்தார். கடை நிறையச் சனம். உம்மா கேட்டதற்குச் சூசை அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"எங்க கோயில்ல இது தபசு காலமுங்க. வெள்ளிக்கிழமையில நாங்க எறச்சி தொடமாட்டோம்."

களவுக்கு நாள் கிழமை உண்டா என்று உம்மா திருப்பிக் கேட்டார். சூசை அண்ணன் வாப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். வாப்பா பாண் அடுக்கியிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூசை அண்ணன் போறணைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாடிக்கை போய்விடும் என்று பயந்த முதலாளி அன்றே அவரை நிறுத்திவிட்டார். சூசை அண்ணனின் ஈஸ்டர் திருநாளுக்குச் சில நாட்களே இருந்தன.

அதன் பிறகு மூலை உடையவே இல்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று உம்மா ஊரெல்லாம் சொன்னார். நானும் நம்பினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு வாப்பா மௌத்தான அன்று, மையித்து வீட்டில் மாமி உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"மதினி, ஜும்ஆக்கு ஜும்ஆ ஒங்கட சோத்தில ஒரு பங்க நானா எனக்குக் கொண்டாந்து தருவாரு. சூசைதான் பாண் கடதாசில சுத்திக் குடுப்பாராம். கடைசியா ஒரு நல்லி வந்திச்சி. அதோட நானா நிப்பாட்டிட்டாரு."

உம்மாவின் கை மாமியின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. கைம்பெண்ணாக நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடித்ததும் உம்மா பேராதனைக்குப் போய்க் கலஹா பஸ் ஏறினார். சூசை அண்ணன் குடும்பம் தோட்டத்தை விட்டு எப்போதோ போய்விட்டது, எங்கே என்று சொல்ல ஆளில்லை. வாப்பாமேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

இப்போது அந்தப் பேக்கரி இருந்த இடத்தில் போன் கடை. மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த மின்சாரப் போறணை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் தட்டத்தை உள்ளே வைத்ததும், உம்மா கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வார். இன்னும் யார்மேல் சந்தேகம் என்று போன வாரம் கேட்டுவிட்டேன்.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எடுக்கிறதுக்கு ஒத்தரும் இல்லியே, மகள்."

தட்டம் முழுசாக வெளியே வந்தது. உம்மா கரண்டியை எடுத்து அந்த மூலையை உடைத்தார்.